இருபத்தொன்பதாயிரம் பவுன்

"ஏந்தம்பி, இருபத்தொம்பதாயிரம் பவுனா கேக்கறானுக? மைசூர் மகாராசா ஊட்டுலகூட அத்தன இருக்காதேடா!"

ஆனைமலையில், ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் தோப்பில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா கேட்டார். வெள்ளை ஈ விழுந்து கறுத்துப்போன மட்டைகளை ஆள் வைத்துக் கழித்துக்கொண்டிருந்த நாள் அது.

"பவுன் இல்லீங் பெரியப்பா, பவுண்டு. அவங்க ஊருப் பணம். வருசத்துக்கு அத்தன சம்பளம் வாங்கோணும், அப்பத்தான் அண்ணனுக்கு விசா."

"யாரு வாங்கோணும்? இவனா?"

"இல்லீங். அண்ணி."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் காதில் விழுந்தது அப்படியொன்றும் தப்பில்லை. நம் 'பவுன்' அந்த ஊர் 'பவுண்டு'தான். ஒரு பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலேயத் தங்கக் காசின் எடை எட்டு கிராமுக்கு மயிரிழை குறைவு. அந்தக் காசின் பெயரே நம் பக்கம் தங்கத்தின் அளவாக நின்றுவிட்டது. 1918ஆம் ஆண்டு மட்டும் பம்பாய் நாணயச்சாலையிலேயே அந்தக் காசை அடித்தார்கள். காசு வழக்கொழிந்து, சொல் மட்டும் கல்யாணப் பேச்சில் உட்கார்ந்துகொண்டது. கொங்கு நாட்டில் 'எத்தன பவுன்' என்று கேட்காத சம்பந்தம் உண்டா? பெண் வீட்டார் பதிலுக்கு எத்தனை ஏக்கரா, எத்தனை மரம், கிணற்றில் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பார்கள். அதில் ஆயிரம் அசிங்கம் இருக்கிறது. ஆனாலும் விசாரிப்பவர்கள் அந்தக் கல்யாணம் நடக்கட்டும் என்றுதான் விசாரிக்கிறார்கள்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பொள்ளாச்சியில் கல்யாணம் நடந்து மூன்றாவது வாரமே அண்ணி விமானம் ஏறிவிட்டாள். லெஸ்டரில் பிறந்தவள், பிரிட்டிஷ் குடிமகள், அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அண்ணன் இங்கே தேங்காய் போட்டுக்கொண்டிருக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் ரூம் பக்கம் போனால் போன் வெளிச்சத்தில் அவன் முகம் தெரியும்.

கணக்கைப் பெரியப்பாவுக்கு ஒரு நோட்டில் போட்டுக் காட்டினேன். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் வயது வந்தோருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரம், ஒரு நாள்கூட விடுப்பில் சம்பளம் பிடிக்காமல் வேலை செய்தால் 25,397 பவுண்டு வரும். கணவனை வரவழைக்க வேண்டிய தொகை 29,000. அதாவது, அந்த நாட்டுச் சட்டப்படி முழு நேரம் உழைத்து, அந்த நாட்டுச் சட்டப்படியான கூலியை வாங்கும் ஒருத்தி, அந்த நாட்டுச் சட்டப்படியே தன் கணவனோடு வாழ முடியாது.

பெரியப்பா நோட்டை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "நம்ம தோப்பு வருமானத்த இதுல சேத்துக்க மாட்டானுகளா?"

மாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவன் அங்கே சம்பாதிப்பது கணக்கில் வராது. இங்கிலாந்துக்குப் போனபின் அவன் சம்பாதிக்கப்போவதும் வராது. ஆனால் வங்கியில் ரொக்கமாகச் சேமிப்பு இருந்தால் வரும். அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. முதல் 16,000 பவுண்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல், குறையும் சம்பளத்தைப்போல இரண்டரை மடங்கு காட்ட வேண்டும். அண்ணிக்குக் குறைவது 3,603 பவுண்டு. அப்படியென்றால் சேமிப்பு 25,000 பவுண்டைத் தாண்ட வேண்டும். சம்பளமே இல்லாதவள் என்றால் 88,500. விண்ணப்பக் கட்டணமும் மருத்துவக் கட்டணமும் சேர்ந்து ஐயாயிரத்துக்கு மேல், அது தனி.

"தோப்புல தேங்கா போட்டு வித்த காசு செல்லாது. தோப்பயே வித்த காசு செல்லும். அப்படித்தான?"

"அப்படித்தானுங்."

*

அண்ணியின் தாத்தா எங்கள் பக்கத்து ஆள்தான். கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், 1960களின் நடுவில் லெஸ்டரின் பின்னலாடை ஆலை ஒன்றுக்குப் போனார். திருப்பூருக்கு பனியன் என்றால் லெஸ்டருக்குக் காலுறை. 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடியேறுவோர் சட்டப்படி, வேலைக்கு வருகிறவருக்கு அரசு தரும் வவுச்சர் வேண்டும். அதற்குப் பெரிய வரிசை. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவர் தன் மனைவியையும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ள, சட்டமே உரிமை கொடுத்திருந்தது. என்ன சம்பளம் என்ற கேள்வி அந்த உரிமையில் இல்லை. பாட்டி மறு வருடமே போய்விட்டார். ஒரு அறையில் மூன்று குடும்பம் இருந்த கதையைக் குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள்.

தாத்தா பிரிட்டனில் பிறந்தவர் அல்ல. பேத்தி அங்கேயே பிறந்தவள். தாத்தாவுக்கு இருந்தது பேத்திக்கு இல்லை. இது எப்படி நடந்தது என்று தேட ஆரம்பித்துத்தான் இந்தக் கட்டுரைக்குள் விழுந்தேன்.

ஒரே நாளில் நடக்கவில்லை. 1971 சட்டம், 1973 ஜனவரி 1க்குள் அங்கே நிலைத்துவிட்ட காமன்வெல்த் ஆண்களின் மனைவி மக்களுக்கு மட்டும் பழைய உரிமையைக் காப்பாற்றிக் கொடுத்தது. 1988இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் எல்லோரும் 'அரசுப் பணத்தை நாடாமல் வாழ முடியும்' என்று காட்டியாக வேண்டும்.

இடையில் நடந்தவை பணத்தைப் பற்றியவையே அல்ல. 1979 ஜனவரியில் ஹீத்ரூ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் இறங்கினார். அங்கே இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்தவர். வருங்காலக் கணவனைத் தேடி வரும் பெண்ணுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை, மனைவிக்குத் தேவை. அவர் ஏற்கெனவே கல்யாணமானவரோ என்று சந்தேகித்த அதிகாரிகள் அவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்ய வைத்தார்கள். பிப்ரவரி முதல் தேதி கார்டியன் பத்திரிகை இதை வெளியிட்டதும் நாடாளுமன்றம் வரை போயிற்று, அந்தப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய என் அமுச்சி வயது இருந்திருக்கும்.

1980இல் வந்தது 'முதன்மை நோக்க' விதி. நீங்கள் கல்யாணம் செய்துகொண்டது முதன்மையாக இங்கிலாந்துக்கு வருவதற்காக அல்ல என்று நீங்களேதான் நிரூபிக்க வேண்டும். பெரியவர்கள் பார்த்து முடித்து வைக்கும் நம் கல்யாணங்களில் எதை வைத்து இதை நிரூபிப்பது? ஜாதகத்தையா? பெண் அங்கே இருந்து மாப்பிள்ளை இங்கே இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஆண் தன் மனைவியைக் கூப்பிடலாம், பெண் தன் கணவனைக் கூப்பிடுவது கடினம் என்பதே அன்றைய விதி. அதை எதிர்த்து அப்துல் அஜீஸ், கபாலெஸ், பல்கண்டலி என்ற மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985 மே 28 அன்று, இது பால் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் அரசு தீர்ப்பை மதித்தது. மதித்த விதம்தான் விசேஷம். பெண்களுக்குக் கதவைத் திறந்து சமமாக்கவில்லை. ஆண்களுக்கும் அதே கடினத்தை வைத்துச் சமமாக்கிவிட்டார்கள்.

முதன்மை நோக்க விதி 1997 ஜூனில் ஒழிந்தது. அதன்பின் பதினைந்து வருடம், வரியும் வாடகையும் போக வருடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு பவுண்டு அளவுக்குக் கையில் நின்றாலே போதும் என்ற நிலை இருந்தது. ஏழைகளுக்கான அரசு உதவித்தொகை எவ்வளவோ, அவ்வளவு.

2012 ஜூலை 9 அன்று அது 18,600 ஆயிற்று. குடியேற்ற ஆலோசனைக் குழு என்ற பொருளாதார நிபுணர் குழுவிடம் அரசு கேட்டது: எவ்வளவு வருமானம் இருந்தால் ஒரு தம்பதிக்கு அரசின் உதவித்தொகை எதுவும் தேவைப்படாது? குழு போட்ட கணக்கில் வந்த எண் அது. விண்ணப்பிப்பவர்களில் 45 சதவீதம் பேர் அந்த எண்ணைத் தொட மாட்டார்கள் என்றும் அதே குழு சொன்னது. அப்போது உள்துறைக்கு அமைச்சர் தெரசா மே. அதுவரை ஒரு அதிகாரி ஆளைப் பார்த்து, மாமனார் உதவுகிறாரா, வீடு சொந்தமா என்று எடைபோட்டுக்கொண்டிருந்தார். இனி எண் மட்டும். 18,599 என்றால் இல்லை.

எண் நியாயமானதுதானே, ஆளுக்கு ஆள் மாறாதே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அதிகாரியிடம் கெஞ்சலாம், வாதாடலாம், கண்ணீர்கூட விடலாம். எண்ணிடம் என்ன செய்வது?

*

இதற்கு நேர்மாறான ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. எண்ணே இல்லாத வருமான விதி. அதைத் தெரிந்துகொள்ள லெஸ்டருக்குப் போக வேண்டாம், ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போனால் போதும்.

ஆனைமலைத் தொடரின் மேல் வால்பாறையில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. டேன்டீ என்பார்கள். நீலகிரியிலும் இங்கேயும் அதைத் தொடங்கியதே இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத்தான். 'சிலோன்காரங்க' என்று எங்கள் ஊரில் சொல்லும்போது குரலில் ஒரு சின்ன விலகல் இருக்கும். பாட்டன் காலத்தில் திருச்சிப் பக்கமிருந்தும் புதுக்கோட்டைப் பக்கமிருந்தும் போனவர்களின் பிள்ளைகள்தான், ஆனாலும் விலகல்.

1948இல் சுதந்திர இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தைப் போட்டபோது மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம், அவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு வழி என்று இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் வந்தது. அதன் நிபந்தனைகளை வரிசையாகப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னையும் தன்னை அண்டியிருப்பவர்களையும் காப்பாற்ற 'நியாயமான அளவு' நிச்சய வருமானமோ, தகுந்த தொழிலோ, வேறு சட்டப்படியான பிழைப்போ இருக்க வேண்டும். எது நியாயமான அளவு? சட்டம் சொல்லவில்லை. அது அதிகாரியின் நாக்கில் இருந்தது.

அதற்கு அடுத்த நிபந்தனை மனைவியைப் பற்றியது. கல்யாணமானவர் விண்ணப்பித்தால், கல்யாணமான முதல் ஆண்டு நிறைவுக்குள் மனைவி இலங்கைக்கு வந்திருக்க வேண்டும். அதிலிருந்து விண்ணப்பிக்கும் நாள்வரை இடைவெளியில்லாமல் அங்கேயே வசித்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அதேபோலப் பிறந்த ஒரு வருடத்துக்குள். ஆண்டுக் கணக்கு, மாதக் கணக்கு, அதற்கெல்லாம் சான்று.

நம் வழக்கம் என்ன? தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் ஊர் வந்து சேர்வாள். பிள்ளைக்குத் தலை நின்றபின் போகலாம் என்பார்கள். அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை, தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று நாள் ஓடும். அந்த நாள்கள் எல்லாம் எதிரிச் சாட்சியாக எழுந்து நின்றன.

வால்பாறை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்த ஒரு பாட்டி, பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், இதைச் சட்டம் எதுவும் தெரியாமலே எனக்குச் சொன்னார். "எங்க அண்ணன் பொறக்க அம்மா ஊருக்கு வந்தாங்க. காய்ச்சல் கண்டு ஒண்ணரை வருசம் நின்னுட்டாங்க. அதனாலதான் அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கெடைக்கலன்னு சொல்லுவாங்க. அம்மாவ ஏசும்போதெல்லாம் அப்பா அதைத்தான் சொல்லி ஏசுவாரு." கவர்க்கல் பக்கம் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்.

1951 ஆகஸ்ட் கெடு முடிவதற்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக. அந்தச் சட்டத்தில் குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர். மிச்சப் பேரை என்ன செய்வது என்று 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்து, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தேங்காயைக்கூட நாங்கள் இப்படிப் பிரிப்பதில்லை, அழுகல் பார்த்து மாற்றிக் கொடுப்போம்.

இதில் எனக்கு உறைப்பது வேறு ஒன்று. தோட்டத்துக்கு அந்தப் பெண்கள் வேண்டியிருந்தார்கள், கொழுந்து பறிப்பது அவர்கள் கைதான். கங்காணி குடும்பம் குடும்பமாகத்தான் ஆள் பிடித்தான். இன்னும் பின்னால் போனால், 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நேட்டாலுக்குக் கிளம்பிய ஒப்பந்தக் கூலிக் காலத்தில், 100 ஆணுக்கு 40 பெண் என்று பெண்களை ஏற்ற வேண்டும் என்றே விதி வைத்திருந்தார்கள். கரும்புக் காட்டில் கூலியாள் நிலைக்கப் பெண் தேவை என்றால் மனைவி வரலாம், வந்தே ஆக வேண்டும். ஒப்பந்தம் முடிந்து அவன் சொந்தக் காலில் நிற்கப் போனால், அப்போதுதான் மனைவிக்கு விலை போடுவார்கள்.

நேட்டாலில் அந்த விலை 3 பவுண்டு. 1895இன் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் வருடம் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். பின்னாளில் 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 வயது தாண்டிய பெண்ணுக்கும் சேர்த்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 12 பவுண்டு. கணவனின் கூலி சராசரியாக மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் போனதில்லை என்று காந்தி எழுதியிருக்கிறார். வருடத்துக்கு 8 பவுண்டு 8 ஷில்லிங். சம்பாத்தியத்தைவிடக் குடும்பத்துக்கான வரி பெரிது. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணம் கல்யாணமே அல்ல என்றும் தீர்ப்பளித்தார். அதுவும் குடியேற்ற வழக்குதான், இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு பெண்ணை இறங்கவிடாத வழக்கு. அதன்பிறகு தமிழ்ப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். சிறைக்குப் போனவர்களில் ஒருவர் தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. மூன்று பவுண்டு வரி அதே வருடம் ஒழிந்தது.

*

பிப்ரவரி 22 என்ற தேதியை நான் மறுபடி சந்தித்தது தற்செயலாகத்தான். 18,600 பவுண்டு விதியை எதிர்த்த வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2017 பிப்ரவரி 22. 2013இல் உயர் நீதிமன்றம் அந்த விதி மிகையானது என்றது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் நடுவில் நின்றது: குறைந்தபட்ச வருமானம் கேட்பது சட்டப்படி செல்லும், பலருக்குத் துயரம் தந்தாலும் செல்லும். ஆனால் பிள்ளைகளின் நலனைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, வேறு நம்பகமான வருமான வழிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கியதும் சரியில்லை. அந்த வருடம் ஆகஸ்டில் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், விதிவிலக்கான நிலைமைகளுக்கு மட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு பெயரும் வந்திருந்தது, 'ஸ்கைப் குடும்பங்கள்'. அப்பாவோ அம்மாவோ திரையில் மட்டும் இருக்கும் வீடு. இங்கிலாந்தின் சிறார் ஆணையருக்காக 2015இல் தயாரித்த அறிக்கை, அப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் குறைந்தது 15,000 பேர் என்றது.

கொஞ்ச காலம் ஒரு சந்து இருந்தது, அதையும் திறந்தவர் நம்மூர்க்காரர்தான். சுரிந்தர் சிங் என்ற இந்தியர் பிரிட்டிஷ் குடிமகள் ஒருவரை மணந்து, இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஐரோப்பிய நாடொன்றில் வேலை செய்து திரும்பும் குடிமகளுக்குத் தன் நாட்டுச் சட்டத்தைவிட ஐரோப்பியச் சட்டமே பொருந்தும், கணவனையும் அழைத்து வரலாம் என்று 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2012க்குப் பின், சம்பளம் எட்டாத தம்பதிகள் பலர் அயர்லாந்துக்கும் வேறு நாடுகளுக்கும் போய்ச் சில மாதம் வேலை பார்த்து, 'சுரிந்தர் சிங் வழி'யாகத் தங்கள் சொந்த நாட்டுக்குள் வந்தார்கள். பிரெக்ஸிட் வந்து 2022 மார்ச்சில் அந்தச் சந்தும் அடைபட்டது.

2023 டிசம்பரில் அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி தொகையை 38,700க்கு ஏற்றப்போவதாக அறிவித்தார். முதல் படியாக 2024 ஏப்ரல் 11 அன்று 29,000. ஆட்சி மாறியதும் அடுத்த படிகளை நிறுத்திவைத்து, அதே நிபுணர் குழுவிடம் மறுபடி கேட்டார்கள். 2025 ஜூனில் குழு சொன்னது: 38,700 கூடாது. தம்பதி தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்வதுதான் நோக்கம் என்றால் 23,000க்கும் 25,000க்கும் இடைப்பட்ட தொகையே போதும்.

அண்ணி அந்த அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். அவள் வாங்கும் சம்பளம் அந்த வரம்புக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அறிக்கை சட்டமல்ல.

*

எங்கள் ஊரில் மாசாணியம்மன் மல்லாந்து படுத்திருக்கிறாள். அவளைச் சங்ககால நன்னனோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். ஆற்றில் மிதந்துவந்த மாங்காயைத் தின்றுவிட்டாள் என்று ஒரு பெண்ணை அவன் கொல்லச் சொன்னான். அவள் தகப்பன் எண்பத்தொரு யானையும், அவள் எடைக்கு எடை தங்கப் பாவையும் தருகிறேன் என்றான். நன்னன் வாங்கவில்லை. குறுந்தொகையில் பரணர் பாடிய செய்தி இது. சின்ன வயதில் எனக்கு நன்னனின் கொடுமைதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்தத் தகப்பனையே நினைக்கிறேன். எண்பத்தொன்று என்று எப்படிக் கணக்குப் போட்டான், எதையெல்லாம் விற்கத் துணிந்திருப்பான்.

பெரியப்பா கிழக்கால் இருக்கும் ஒரு ஏக்கராவை விலை பேச ஆள் வரச் சொல்லியிருக்கிறார். வாடல் நோய் விழுந்த மரங்கள் அந்தப் பக்கம்தான் அதிகம், அதனால் மனசு ஆறும் என்கிறார். அண்ணன் வேண்டாம் என்கிறான். அண்ணி ராத்திரி ஷிஃப்டும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சம்பளச் சீட்டு ஆறு மாதத்துக்குத் தொடர்ச்சியாக வேண்டும். இது மூன்றாவது மாதம்.

போன செவ்வாய்க்கிழமை அப்பத்தா கோயிலுக்குக் கிளம்பினார். நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசப் போகிறாராம். அநியாயம் செய்தவர்களைச் சொல்லி வேண்டிக்கொண்டு பூசுவது வழக்கம்.

"யாரு பேரச் சொல்லி அரைப்பீங் அப்பத்தா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த இருபத்தொம்பதாயிரம்னு எளுதுன மகராசன் பேரு என்னன்னு உங்கொண்ணியக் கேட்டுச் சொல்லு சாமி," என்றார்.